கண்ணுக்குள் லென்ஸ் தள்ளும் கருவிகள்: கேட்டவர்களுக்குப் பதில்

திருகோணமலையில் கண் தியேட்டரில் தாதியாகப் பல வருடம் நின்று ஓய்வு பெற்றவள் நான். கற்றாரக்ட் (கண்புரை) ஒப்பரேஷனில் செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் செலுத்தும் இன்ஜெக்டர்களைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். கையால் பழகியதை வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி (உப்புவெளி): அம்மாவுக்கு ஒப்பரேஷன். 'பிரீலோடட்' லென்ஸ் என்றால் விலை கூட என்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: தம்பி, லென்ஸின் நடு வட்டம் பெரும்பாலும் 6 மில்லிமீற்றர். டொக்டர் போடும் வெட்டோ 2.2 முதல் 2.8 வரைதான். அதனால் லென்ஸை மடித்து ஒரு மெல்லிய குழாய் வழியாகத் தள்ளுகிறோம். சாதாரண இன்ஜெக்டரில் அதை ஏற்றிக் கொடுப்பது தாதியின் வேலை. காட்ரிஜ் என்பது லென்ஸை வைக்கும் சிறு குழாய்க்கூடு. அதன் இரண்டு செட்டைகளையும் விரித்து, லென்ஸ் வழுக்கிப் போக ஜெல் விட்டு, லென்ஸை வைத்து, அதன் இரண்டு வளைந்த கால்களையும் உள்ளே ஒதுக்கி, செட்டைகளை மூட வேண்டும். பிரீலோடட்டில் லென்ஸ் கருவிக்குள் இருந்தபடியே வரும். ஜெல் விட்டுத் தள்ளினால் தானே மடியும். யாருடைய விரலும் குறடும் அதில் படாது.

ஒருநாள் நான் செட்டையை மூடும்போது ஒரு கால் இடுக்கில் நசிந்ததைக் கவனிக்கவில்லை. கண்ணுக்குள் விரிந்த லென்ஸுக்கு ஒற்றைக் கால். டொக்டர் அதை உள்ளேயே இரண்டாகக் கத்தரித்து வெளியே எடுத்து, வேறொன்று வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதனால் நான் பிரீலோடட் பக்கம்தான். ஆனாலும் கருவியைப் பார்த்து லென்ஸைத் தெரிவு செய்ய வேண்டாம். ஒவ்வொரு லென்ஸுக்கும் அதன் கம்பெனி சொன்ன இன்ஜெக்டர்தான் பொருந்தும். அம்மாவின் கண்ணுக்கு எந்த லென்ஸ் சரி என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி (தாதி மாணவி): திருகுகிறதா, தள்ளுகிறதா, எது நல்லது மிஸ்?

பதில்: தங்கச்சி, திருகும் வகையில் லென்ஸ் ஒரே சீராக, மெதுவாக இறங்கும். ஆனால் டொக்டரின் இரண்டு கையும் வேண்டும். சிரிஞ்சு போலத் தள்ளுவது ஒரு கையால் முடியும். மற்றக் கையால் கண்ணை அசையாமல் பிடிக்கலாம். வில்லங்கம் என்னவென்றால், இறுக்கமாக வந்த லென்ஸ் சட்டென்று விடுபட்டுப் பாய்ந்துவிடும். அதற்காகத்தான் சிலவற்றில் ஸ்பிரிங் வைக்கிறார்கள். காபனீரொக்சைட்டு வாயுவால் தள்ளும் கருவியும் இருக்கிறது.

இன்னொன்று. வெளியே திருகோணமலை வெயில், தியேட்டருக்குள் ஏசிக் குளிர். அக்ரிலிக் லென்ஸ் குளிரில் விறைக்கும். ஜெல்லும் பெரும்பாலும் பிரிட்ஜில் இருந்துதான் வரும். அதை முன்னதாகவே வெளியே எடுத்து வையுங்கள். லென்ஸை நேரத்தோடு ஏற்றிவிட்டுக் காத்திருக்கவும் கூடாது. டொக்டர் கேட்கும்போது ஏற்றினால் போதும்.

கேள்வி (கிண்ணியா): புதுக் கருவி என்றால் நோவு குறையுமா?

பதில்: இல்லை அக்கா. மரக்கவைப்பது சொட்டு மருந்தோ ஊசியோதான்.

கேள்வி (மூதூர்): அந்தக் காலத்தில் என் அப்பாவுக்குத் தையல் போட்டு லென்ஸ் வைத்தார்கள். இன்ஜெக்டர் இல்லாமல் எப்படி?

பதில்: ஐயா, அது மடியாத கெட்டிப் பிளாஸ்டிக் லென்ஸ். குறடால் பிடித்து அப்படியே வைப்பார்கள். அதன் அகலத்துக்கு வெட்டும் வேண்டும். 1949இல் லண்டனில் ஹெரல்ட் ரிட்லி முதன்முதலில் வைத்ததும் அந்தப் பிளாஸ்டிக்தான். போர் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த, அதே பிளாஸ்டிக்கில் செய்த விமானக் கூரையின் துண்டுகள் கண்ணை அழற்றவில்லை என்று கண்டு அதைத் தெரிவு செய்தார். மதுரையில் ஒரோலேப் என்ற நிறுவனம் 1992இல் லென்ஸ் செய்யத் தொடங்கிய பிறகு விலை நன்றாக இறங்கியது. இன்றும், பழையதை விடச் சிறிய, தையல் தேவைப்படாத வெட்டில் அதே கெட்டி லென்ஸை வைக்கிறார்கள், பார்வையும் நன்றாகவே வருகிறது. மலிவு என்று இளக்காரமாக நினைக்காதீர்கள்.

கேள்வி (தம்பலகாமம்): ஒருவருக்குப் பாவித்த இன்ஜெக்டரை இன்னொருவருக்குப் பாவிப்பார்களா?

பதில்: டைட்டேனியக் கைபிடியைக் கழுவி, ஓட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைத்து திரும்பப் பாவிக்கலாம். காட்ரிஜ்ஜும் பிரீலோடட்டும் ஒருமுறைக்குத்தான். கைபிடிக்குள் பழைய ஜெல் காய்ந்து ஒட்டியிருந்தால், கிருமி இல்லாமலே அடுத்த நாள் கண் அழன்று மங்கிவிடலாம். நான் ஒவ்வொன்றையும் லைட்டுக்கு நேரே பிடித்து, குழல் வழியாக மறுபக்கம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் பொதி செய்வேன்.