கேள்வி–பதில்: சட்டையின் நிறம் பார்க்கும் கோபம்

கேள்வி: மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிறேன், வயது 26. வெபர் மைதானத்தில் கழகத்துக்காகக் கடினப்பந்து ஆடியவன். என் அறைச் சுவரில் ஒரு காலத்தில் 5 வீரர்களின் படம் இருந்தது. இப்போது ஒன்றுதான் மிச்சம். அவுஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித், பந்தைச் சுரண்டிய கூட்டத்துக்குத் தலைவர். சனத் ஜயசூரிய ஆட்ட நிர்ணயத்தில் தடைபட்டார். குசல் ஜனித் ஊக்கமருந்தில் மாட்டினார். குசல் மெண்டிஸ் இங்கிலாந்தில் இரவில் ஊர் சுற்றினார். கோடி கோடியாகச் சம்பாதித்துவிட்டு ரசிகனின் நம்பிக்கையை மிதிக்கும் இவர்களை வாழ்நாள் முழுக்க மைதானப் பக்கமே விடக்கூடாது என்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: தம்பி, முதலில் உங்கள் சுவரைக் கொஞ்சம் பழுதுபார்ப்போம்.

குசல் ஜனித் பெரேராவின் படத்தை எப்போது கிழித்தீர்கள்? 2015 டிசம்பரில் என்றால் அவசரப்பட்டுவிட்டீர்கள். கட்டாரில் இருந்த ஓர் ஆய்வுகூடத்தின் அறிக்கையை வைத்து, நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்தின் நடுவில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த அறிக்கை நிற்கவில்லை. 2016 மே மாதம் சர்வதேச கிரிக்கெட் பேரவை குற்றச்சாட்டையே மீளப்பெற்றது. அதற்குள் ஓர் இருபது ஓவர் உலகக் கிண்ணம் அவரை விட்டுப் போய்விட்டது. அப்புறம் 2019 பெப்ரவரி, டர்பன். 304 ஓட்டங்களைத் துரத்தும்போது 226க்கு 9 விக்கெட். மறுமுனையில் விஷ்வ பெர்னாண்டோ, இன்னும் 78 ஓட்டங்கள் வேண்டும். குசல் கடைசிவரை ஆட்டமிழக்காமல் 153 எடுத்து வென்று கொடுத்தார். அன்றைக்கு எந்தப் படத்தைப் பார்த்துக் கை தட்டினீர்கள்?

சனத் விடயத்திலும் ஒரு திருத்தம். 2019இல் அவருக்கு 2 ஆண்டுத் தடை வந்தது உண்மை. ஆனால் அது ஊழல் தடுப்பு விசாரணைக்கு ஒத்துழைக்காததற்கும் இடையூறு செய்ததற்கும் வந்த தடை. ஆட்ட நிர்ணயம் செய்தார் என்று குற்றம் சாட்டப்படவேயில்லை. ஒத்துழைக்காததும் பிழைதான், நான் நியாயப்படுத்தவில்லை. அதற்காக இல்லாத குற்றத்தை நாமாகச் சேர்த்து எழுதக்கூடாது. இப்படிப் பேசிய பலர், 2024 ஓகஸ்டில் அவருடைய பயிற்சியில் நம் அணி இந்தியாவை ஒருநாள் தொடரில் வென்றபோது சத்தமில்லாமல் படத்தைத் திரும்ப ஒட்டிக்கொண்டதையும் பார்த்தேன்.

குசல் மெண்டிஸை விடுங்கள். கொரோனாத் தொற்றுக் காலத்தில் விதியை மீறி வெளியே போனது மடத்தனம். ஓராண்டுத் தடை விதித்தார்கள், 2022 ஜனவரியிலேயே தளர்த்தியும் விட்டார்கள். அதனால் யாருடைய விக்கெட்டும் விழவில்லை.

இனி ஸ்மித். 2018 மார்ச், கேப் டவுன். பந்தைச் சுரண்ட மஞ்சள் நிற உப்புத்தாள், அதை ஒளித்த சக வீரர் பேன்கிராப்டின் காற்சட்டை, உலகமே பார்த்தது. ஸ்மித்துக்கும் வோனருக்கும் 12 மாதம், பேன்கிராப்டுக்கு 9 மாதம் என்று அவர்களுடைய நாட்டுக் கிரிக்கெட் சபையே தடை போட்டது. உங்கள் கோபம் நியாயம். ஆனால் அதற்குப் பிறகு மூன்று மாதம் முடியவில்லை, ஜூன் மாதம் சென். லூசியாவில் என்ன நடந்தது? நம் அணித்தலைவர் தினேஷ் சந்திமால் வாயில் இனிப்பைப் போட்டு, பந்தின் தன்மையை மாற்ற அந்த எச்சிலை அதில் பூசினார் என்று நடுவர்கள் பிடித்தார்கள். பந்தை மாற்றினார்கள், மேற்கிந்தியத் தீவுகளுக்கு 5 ஓட்டங்கள் கொடுத்தார்கள். நம்மவர்கள் இரண்டு மணிநேரம் மைதானத்துக்குள் இறங்க மறுத்தார்கள். விசாரணையில் அவர் குற்றவாளி என்றே தீர்ந்தது.

அந்த வாரம் நான் தேநீர் குடிக்கும் கடையில் நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மார்ச்சில் ஸ்மித்தைக் 'கள்ளன்' என்றவர், ஜூனில் தேநீரை ஆற்றிக்கொண்டே, "ஒரு டொபி சாப்பிட்டது குற்றமா அண்ணே, நடுவன்மாருக்கு எங்களில ஒரு கண்" என்றார். உங்கள் பட்டியலில் சந்திமாலின் பெயர் இல்லை, தம்பி. மிஞ்சியிருக்கும் அந்த ஒரு படம் யாருடையது என்றும் நீங்கள் எழுதவில்லை. நான் கேட்கவும் மாட்டேன், அந்த மனுசனாவது நிம்மதியாக இருக்கட்டும்.

நம் கோபம் சட்டையின் நிறம் பார்த்து வருகிறது. பறிகொடுத்தவர் யார் என்று பார்த்து வருவதில்லை. 'ரசிகனின் நம்பிக்கையை மிதித்தார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் போனது ஒரு படமும் நாலு துண்டு ஒட்டுநாடாவும். நம் ஓட்ட வீராங்கனை சுசந்திகா ஜயசிங்கவுக்குப் போனதைக் கேளுங்கள்.

2000 செப்டெம்பர் 28, சிட்னி, பெண்கள் 200 மீற்றர் இறுதி ஓட்டம். அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் முதலாவது. பஹாமாஸ் வீராங்கனை 22.27 செக்கன், சுசந்திகா 22.28. நூறில் ஒரு பங்கு செக்கனில் வெண்கலம். 1948இல் டங்கன் வைட்டுக்குப் பிறகு நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் என்று கொண்டாடினோம். ஏழு வருடம் கழித்து, ஊக்கமருந்து எடுத்ததை மரியன் ஒப்புக்கொண்டார். பதக்கங்கள் பறிபோயின, பொய் சொன்னதற்காக 6 மாதச் சிறையும் கிடைத்தது. சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது 2009 டிசம்பரில்தான். மேடையில் ஒரு படி மேலே நின்றிருக்க வேண்டிய நேரம் ஒன்பது வருடத்துக்கு முன்னமே முடிந்துவிட்டது. அன்று நாலாவதாக வந்த ஜமேக்காப் பெண்ணை நினைத்துப் பாருங்கள், அவர் அந்த மேடையில் ஏறவேயில்லை. மரியனுடைய பெயர் கெட்டது பற்றி எவ்வளவோ எழுதினார்கள். இந்த மூன்று பேரைப் பற்றி எத்தனை வரி வாசித்தீர்கள்?

சரி, வாழ்நாள் தடை. 2010இல் லோர்ட்ஸில் காசுக்கு நோபோல் வீசியபோது பாகிஸ்தானின் முகமது ஆமிருக்கு வயது 18. 5 ஆண்டுத் தடை, சிறை எல்லாம் அனுபவித்துவிட்டு 2016இல் அதே லோர்ட்ஸில் திரும்பவும் பந்து வீசினார். எனக்கு அது சரியாகவே படுகிறது. அந்தப் பொடியனை வீசவைத்த தலைவர் சல்மான் பட் சர்வதேச ஆட்டத்துக்குத் திரும்பி வந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். ஆக, எல்லாரையும் ஒரே சாக்கில் கட்டி வாவியில் போட என்னால் முடியாது. 2019இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் ஆட்ட நிர்ணயத்துக்கு 10 ஆண்டு வரை சிறை உண்டு. அதை ஒழுங்காக நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன்.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா என்று கேட்பீர்கள். சொல்கிறேன். மண்முனைத்துறைக்குப் பாலம் வராத காலம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சித்திரைப் புத்தாண்டுக்கு மென்பந்துச் சுற்றுப்போட்டி. எங்கள் வேகப்பந்து வீச்சாளனுக்குக் காய்ச்சல். கிழக்கே எழுவான்கரையில் வேறொரு ஊரில் இருந்து ஒரு பொடியனைப் பாதையில் (வாவி கடக்கும் மிதவையில்) ஏற்றிக் கொண்டுபோய், காய்ச்சல்காரனின் பெயரிலேயே இறக்கினோம். ஓட்டக் கணக்கு எழுதியது நான். சீ.ஆர். கொப்பியில், நல்ல முத்து முத்தான எழுத்தில், அந்தப் பொய்ப் பெயருக்கு நேரே 4 விக்கெட் எழுதினேன். மாலையில் ஒலிபெருக்கியில் சிறந்த பந்துவீச்சாளர் என்று பெயரைக் கூப்பிட்டார்கள். வந்த பொடியன் மேடைக்குப் போனான். ஆட்டம் பார்க்கப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்திருந்த காய்ச்சல்காரனும், தன் பெயர் கேட்ட பழக்கத்தில், இரண்டு அடி முன்னால் வந்துவிட்டான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எதிரணி முறைப்பாடு செய்யவில்லை. அவர்கள் பக்கத்திலும் இரண்டு பேர் அப்படித்தான்.

எதிரணியில் 3 விக்கெட் எடுத்த ஒரு சின்னப் பொடியன் இருந்தான், சொந்த ஊர், சொந்தப் பெயர். நாங்கள் பொய் எழுதாவிட்டால் அந்தக் கிண்ணம் அவனுக்குத்தான். விக்கெட் தடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தபடி நின்றான். அவன் பெயரை மட்டும் கொப்பியில் சரியாக எழுதியிருந்தேன். உங்கள் கடிதம் வந்த அன்று தேடிப் பார்த்தேன். இரண்டு முறை வீடு மாறியதில் அந்தக் கொப்பி எங்கோ போய்விட்டது.