பட்டம் முடித்துச் சென்னைக்கு வந்து, வேலை கிடைக்கும்வரை தன்னார்வலராக இருப்பது நேர விரயமா?

கேள்வி கேட்டவர் கல்லூரி முடித்த கையோடு சென்னைக்கு வந்திருக்கிறார், வேலை தேடும் இடைவெளியில் சம்பளமில்லாமல் ஏதோ தொண்டு செய்கிறார், வீட்டில் திட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். என்ன தொண்டு என்று சொல்லவில்லை. அந்தத் திட்டு விஷயத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் வாங்கியிருக்கிறேன், நிறையவே. "ஊருக்கு உழைக்கத்தான் உன்னை பி.எஸ்சி. படிக்க வச்சமா" என்று என் அத்தை கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

நேர விரயம் கிடையாது. ஆனால் எதைச் செய்கிறீர்கள், எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. என் கதையைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் புதுக்கோட்டைப் பக்கம். 2018-ல் கணிதம் முடித்துவிட்டுச் சென்னைக்கு வந்தேன். திருவல்லிக்கேணியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல், ஒரு அறையில் நான்கு பேர். இதைப் படித்துவிட்டு "வீட்டில் காசு இருந்திருக்கும், அதான் தொண்டு" என்று சிலர் சொல்வார்கள், அவர்களுக்காக முன்பே சொல்லிவிடுகிறேன்: அப்பாவுக்கு சைக்கிள் கடை. சாயங்காலம் இரண்டு வீடுகளில் கணக்கு ட்யூஷன் எடுத்துத்தான் ஹாஸ்டல் வாடகை கட்டினேன். பல நாள் காலைச் சாப்பாடு அம்மா உணவகத்தில், இட்லி ஒரு ரூபாய். அந்த வருடம் ஜனவரியில்தான் பேருந்துக் கட்டணத்தை ஏற்றியிருந்தார்கள்; பெண்களுக்கு இலவசப் பயணம் வந்ததெல்லாம் 2021-ல். அதனால் பறக்கும் ரயில்தான். திருவல்லிக்கேணியில் ஏறினால் கோட்டூர்புரத்தில் இறங்கி அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நடந்துவிடலாம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அங்கேதான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன். சொந்தப் புத்தகம் வைத்துப் படிக்க அங்கே தனியாக இடம் உண்டு.

அந்த நூலகத்தின் தரைத்தளத்தில் பார்வையற்றவர்களுக்கான பிரெய்ல் பிரிவு ஒன்று இருக்கிறது. ஒருநாள் அதன் வாசலைத் தாண்டும்போது, கையில் வெள்ளைக்கோலோடு நின்றிருந்த ஒருவர், காலடிச் சத்தம் கேட்டு, "யாருங்க? அஞ்சு நிமிஷம் இருந்தா இந்தப் பக்கத்தைப் படிச்சுக் காட்ட முடியுமா?" என்றார். எம்.ஏ. வரலாறு படிப்பவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அண்ணா என்றே கூப்பிட ஆரம்பித்தேன், இன்றும் அப்படித்தான். அந்த ஐந்து நிமிடம் இரண்டு மணி நேரம் ஆனது.

போனில்தான் எல்லாவற்றையும் படித்துக்காட்டும் மென்பொருள் இருக்கிறதே, ஆள் எதற்கு என்று எனக்கும் அன்றைக்குத் தோன்றியது. அவர் சொல்லித்தான் தெரிந்தது. புத்தகத்தை வெறுமனே ஸ்கேன் எடுத்து வைத்த பிடிஎப் அந்த மென்பொருளுக்கு ஒரு படம், அவ்வளவுதான். யூனிகோடு என்ற பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை வருவதற்கு முன்பு பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாடக்குறிப்புகளைக் கொடுத்தால் அது உளறும். ஆகவே நான் ஹாஸ்டலில் உட்கார்ந்து படித்து, பதிவு செய்து, வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்தேன். மின்விசிறிச் சத்தம் பதிவில் இரைச்சலாக விழுகிறது என்று அதை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தி, வியர்க்க வியர்க்கப் படிப்பேன். அறைத்தோழிகள் பொறுத்துக்கொண்டார்கள், அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். முதல் பதிவை ஒரு வானொலி அறிவிப்பாளர் மாதிரி நிறுத்தி நிதானமாகப் படித்து அனுப்பினேன். பதில் வந்தது: "வேகமா படிங்கம்மா. நாங்க போன் பேசுறதை இதைவிட ரெண்டு மடங்கு வேகத்துல கேப்போம். ஏத்த இறக்கம் எல்லாம் வேணாம், ஊர்ப் பேரு ஆள் பேரு வந்தா மட்டும் எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க."

நவம்பரில் அண்ணனுக்குச் செமஸ்டர் தேர்வு. அவர் சொல்லச் சொல்ல எழுத ஆள் வேண்டும். அரசு அறிவிப்புகளில் இதை 'சொல்வதை எழுதுபவர்' என்பார்கள், பார்வையற்ற மாணவர்களுக்குள் 'ஸ்கிரைப்' என்றுதான் பேச்சு. தேர்வு எழுதுபவரே ஆள் கூட்டி வந்தால், வருகிறவர் படிப்பில் ஒரு படி குறைந்தவராக இருக்க வேண்டும் என்று மத்திய அரசு அந்த ஆகஸ்டில்தான் வழிகாட்டுதல் போட்டிருந்தது. எம்.ஏ.வுக்கு பி.எஸ்சி. சரி. பி.ஏ. எழுதுகிறவர்களும் பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் வேலைத் தேர்வு எழுதுகிறவர்களும் கேட்டபோது, நான் பட்டம் வாங்கியவள் என்பதாலேயே மறுக்க வேண்டியிருந்தது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். நான் சட்டம் தெரிந்தவள் இல்லை, என் அனுபவத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் தாளுக்கு எங்களுக்குக் கொடுத்த அறை, உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கும் அறை. பக்கத்திலேயே ஜெனரேட்டர். மூன்று மணி நேரத் தாளுக்கு, மணிக்கு 20 நிமிடம் கூடுதல் என்ற கணக்கில் நான்கு மணி நேரம். ஒரு கண்காணிப்பாளர் என் தோளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, "நீயா எழுதுறியா, அவரு சொல்றாரா?" என்று மூன்று முறை கேட்டார். அவர் காதுக்கு முன்னால்தான் அண்ணன் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தாளில்தான் அது நடந்தது. மருது சகோதரர்கள் பற்றி ஒரு கேள்வி. 1801 ஜூன் திருச்சி அறிக்கை, அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கு என்று வரிசையாகச் சொன்னார். அடுத்தது வேலூர்ப் புரட்சி. புதிய தலைப்பாகை உத்தரவு, சாதி அடையாளங்களும் காதணியும் கூடாது என்ற கட்டளை, கோட்டைக்குள் இருந்த திப்புவின் மகன்கள் எல்லாம் அருமையாகச் சொன்னார், ஆனால் வருடத்தை மட்டும் "1801 ஜூலை 10" என்றுவிட்டார். முந்தின கேள்வியின் வருடம் நாக்கிலேயே நின்றிருக்கிறது. எனக்குச் சரியான வருடம் தெரியும், நான்தானே பத்துத் தடவை படித்து அனுப்பினேன். 1806 என்று எழுதிவிட்டேன். யோசிக்கவேகூட இல்லை, கை தானாக எழுதியது. நல்லதுதானே செய்கிறோம் என்ற நினைப்பு.

கடைசி அரை மணியில் எல்லாப் பதில்களையும் படித்துக் காட்டச் சொன்னார். "1806 ஜூலை 10" என்று படித்ததும் அவர் விரல் மேசையில் நின்றது.

"நான் என்ன வருஷம் சொன்னேன்?"

நான் பேசவில்லை.

"1801னுதானே சொன்னேன். வாய் தவறிடுச்சு. 1806தான் சரி. ஆனா இப்ப நீங்க படிச்சதுனாலதான் எனக்குத் தெரியுது. அடிச்சிட்டு நான் சொன்னதைப் போடுங்க."

"அண்ணா, அதான் இப்ப உங்களுக்கே தெரிஞ்சிருச்சே."

"போடுங்கம்மா."

அடித்துவிட்டு 1801 என்று எழுதினேன். என் கையெழுத்தில், தப்பு என்று தெரிந்தே எழுதிய ஒரே பதில் அது. வெளியே வந்து டீக்கடையில் நிற்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும்தான், ஒரு வருடத்துக்காக இவ்வளவா என்று. அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஸ்கூல்ல இருந்து இந்தப் பேச்சைக் கேக்குறேன். பாஸானது இவனா, எழுதுனவனான்னு. ஒரு நம்பர் நீங்க போட்டாலும் அவங்க கேட்டது நிஜமாயிடும்ல."

நான் அந்த ஒரு மாதத்தில் கற்றது இது ஒன்றுதான். என்னை அங்கே அழைத்தது என் கைக்காக. என் அறிவு, இரக்கம், நல்ல மனசு எதையும் அவர் கேட்கவில்லை. சரியான நேரத்துக்கு வர வேண்டும், சொன்னதை எழுத வேண்டும், தெளிவாகப் படித்துக் காட்ட வேண்டும். தொண்டு செய்யப் போகிற பலருக்கு (எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) இது கசக்கிறது. தேர்வு நாளன்று காலை "உடம்பு சரியில்லை" என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிடும் தன்னார்வலர்களை நான் பார்த்திருக்கிறேன். சம்பளம் இல்லாத வேலைதானே என்று அவர்களுக்கு எண்ணம். எதிரில் இருப்பவருக்கு ஒரு செமஸ்டர் போய்விடும். அப்படித்தான் செய்வேன் என்றால் தயவுசெய்து போகாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கேள்விக்கு நேரடித் தொடர்பில்லை என்றாலும். புதிய ஊரில் தனியாக இருக்கும் பெண்களிடம் ஹாஸ்டல் நடத்துபவர்கள் நடந்துகொள்ளும் விதம். 2019 கோடையில் சென்னையில் தண்ணீர் இல்லை, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த வருடம் அது. எங்கள் ஹாஸ்டலில் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு வாளி. சரி, ஊருக்கே இல்லை, ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்த இரண்டு வாளிக்கும் மாதம் முந்நூறு ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள், காலி செய்யும்போது சுவரில் ஆணி அடித்ததாகச் சொல்லி அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஆணி நான் வருவதற்கு முன்பே இருந்தது. ரசீது கேட்டால், "நம்பிக்கை இல்லாட்டி வேற இடம் பாத்துக்கோ" என்ற பேச்சு. நீங்கள் எங்கே தங்கினாலும் முதல் நாளே அறையை நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கொடுக்கும் பணத்துக்கு எழுத்தில் வாங்குங்கள்.

ஏப்ரல் 2019-ல் கடைசிச் செமஸ்டர். ஒரு தாள் அன்றே எனக்கு ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு வந்தது. இங்கே நான் பெரிய தியாகம் ஏதும் செய்யவில்லை, நேர்முகத்துக்குத்தான் போனேன். அண்ணனிடம் பத்து நாள் முன்பே சொல்லிவிட்டேன். அறைத்தோழியின் தங்கை பி.காம். இரண்டாம் வருடம், கையெழுத்து அழகாக இருக்கும். மூன்று சாயங்காலம் அவளை உட்கார வைத்து, அண்ணன் போனில் பழைய கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்ல எழுதிப் பழக்கினோம். முதல் நாளே அவள் "அண்ணா, இது நிஜாம்னு வரணும்ல?" என்று திருத்தப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேர்முகத்தில் எனக்கு வேலை கிடைக்கவில்லை. ஆகஸ்டில் வேறு இடத்தில் கிடைத்தது, தொண்டு செய்ததை அங்கே யாரும் கேட்கவும் இல்லை. ஆகவே "இது உங்கள் விண்ணப்பத்துக்கு மதிப்பு சேர்க்கும்" என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். சான்றிதழுக்காகப் போகிறீர்கள் என்றால் எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. வேலை தேடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், வாரத்தில் எந்த நாட்கள் தர முடியும் என்று முன்பே சொல்லிவிடுங்கள், அதற்கு மேல் கேட்டால் முடியாது என்று சொல்லிப் பழகுங்கள். வீட்டில் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். நான் மறைத்ததால்தான் திட்டு இரட்டிப்பானது.

அண்ணன் எம்.ஏ. முடித்து, பி.எட்.டும் முடித்துவிட்டார். வேலூர்க் கேள்வி இருந்த தாளில் 68. அந்த பி.காம். தங்கை படிப்பு முடியும்வரை வேறு இரண்டு பேருக்கும் எழுதினாள்.

உங்களுக்குக் கையெழுத்து தெளிவாக இருந்தால், ஒரு நாள் கோட்டூர்புரம் போய் அந்தத் தரைத்தளத்தில் பேசிப் பாருங்கள். யாரையாவது கூட்டிக்கொண்டு நடக்க வேண்டி வந்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்வார். தேர்வு எழுதப் போகிற நாளில் அடையாள அட்டை, பட்டச் சான்றிதழின் நகல் இரண்டு, ஒரே நிற மையில் மூன்று பேனா.