கேளுங்கள், சொல்கிறேன்: ஆரம்பத்திலேயே ஏஸ் ஜோடி

கேள்வி: நண்பர்களோடு இலவச சிப்ஸ் வைத்து ஆன்லைனில் போக்கர் டோர்னமென்ட் ஆடுகிறோம். ஆளுக்கு 10,000 சிப்ஸ், பிளைண்ட் (சீட்டுப் போடும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை, அதில் பெரியது பிக் பிளைண்ட்) 50/100. ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே எனக்கு இரண்டு ஏஸ் வந்தது. எனக்கு முன்னால் மூன்று பேர் 100 போட்டு உள்ளே வந்திருந்தார்கள். ரெய்ஸ் செய்தால் (தொகையை ஏற்றினால்) எல்லோரும் ஓடிவிடுவார்களே என்று நானும் 100 மட்டும் போட்டேன். பிளைண்டில் இருந்த இருவரும் சேர்ந்துகொண்டார்கள். ஃபிளாப்பில் (எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டில்) 8, 7, 3. நான் பெட் போட, பிக் பிளைண்டில் இருந்தவர் ரெய்ஸ் செய்ய, டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) ஆல்-இன், இருந்த சிப்ஸ் எல்லாம் உள்ளே. அவரிடம் 8-7 இருந்தது, முதல் ஆளாக வெளியே வந்துவிட்டேன். இது வெறும் துரதிர்ஷ்டம்தானே சார்?
- வேளச்சேரி வாசகர்

பதில்: இல்லை. அந்த 8-7 ஃபிளாப் வரைக்கும் வந்ததே நீங்கள் ரெய்ஸ் செய்யாததால்தான். பிக் பிளைண்டில் இருந்தவர் ஒரு சிப் கூடக் கூடுதலாகப் போடாமல் மூன்று சீட்டைப் பார்த்துவிட்டார்.

இரண்டு ஏஸ் வருவது சராசரியாக 221 கைக்கு (கை என்றால் உங்களுக்கு மட்டும் வரும் இரண்டு சீட்டு) ஒரு தடவை. எதிரில் ஏதோ ஒரு கையோடு ஒரே ஒருவர் இருந்தால், கடைசிச் சீட்டு வரை போனாலும் அது ஜெயிக்கும் வாய்ப்பு 85 சதவீதம். இரண்டு பேர் என்றால் 73, மூன்று பேர் என்றால் 64, ஐந்து பேர் என்றால் 49 சதவீதம்தான். நீங்கள் ஐந்து பேரை எதிரில் வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறீர்கள். போக்கரில் ஆரம்பத்தில் கிடைப்பதிலேயே பெரிய கையை நீங்களே கிட்டத்தட்ட பூவா தலையா ஆக்கிவிட்டீர்கள்.

அந்த இடத்தில் 600 போட்டிருக்க வேண்டும். யாரும் உள்ளே வராதபோது பிக் பிளைண்டைப் போல மூன்று மடங்கு, அதாவது 300, அப்புறம் 100 போட்டு வந்த ஒவ்வொருவருக்கும் இன்னொரு 100 சேர்த்துக்கொள்ளுங்கள். 600 போட்டு ஒருவர் மட்டும் கால் செய்தாலும் (அதே தொகையைப் போட்டாலும்), மற்றவர்கள் விட்டுப்போனதையும் சேர்த்துப் பாட்டில் (நடுவில் சேரும் மொத்தச் சிப்ஸில்) 1,550 நிற்கும். எதிரில் ஒரே ஆள், பாட்டும் பெரிசு, இதைவிட நல்ல நிலைமை ஏஸ் ஜோடிக்குக் கிடைக்காது. எல்லோரும் ஓடிவிட்டால்? பாட்டில் ஏற்கெனவே இருந்த 450 உங்களுக்கு, அவ்வளவுதான், அதுவும் சீட்டே பார்க்காமல். அதோடு, இலவச சிப்ஸ் ஆட்டத்தில் அப்படி எல்லோரும் ஓடுவது அபூர்வம். போவது வெறும் சிப்ஸ்தானே என்று கிங்-9, ஜாக்-10 எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு கால் செய்கிறவர்கள் ஒருத்தராவது இருப்பார்கள். அப்படிப்பட்ட மேஜையில் 700, 800 என்று போட்டாலும் தப்பில்லை. பெரிய கையை ஒளித்து வைத்து ஆடும் தந்திரம் எல்லாம், எதிரில் இருப்பவர்கள் நீங்கள் எவ்வளவு போடுகிறீர்கள் என்று கவனித்து ஆடுகிறவர்களாக இருந்தால்தான் பலிக்கும்.

இன்னொரு விஷயத்தை இதைவிட முக்கியமாக நினைக்கிறேன். ஃபிளாப் விழுந்தபோது பாட்டில் இருந்தது வெறும் 600, உங்கள் கையில் 9,900. அந்த 600-ஐப் பிடிக்கப் போய் 9,900-ஐயும் உள்ளே தள்ளியிருக்கிறீர்கள். ஃபிளாப்புக்குப் பிறகு ஏஸ் ஜோடி என்பது ஒரு ஜோடி மட்டும்தான், பெயர் எவ்வளவு பெரிசாக இருந்தாலும். 8-7-3 மாதிரி அடுத்தடுத்த எண்கள் விழுந்து, பிளைண்டில் சும்மா இருந்தவர் திடீரென்று ரெய்ஸ் செய்தால், இரண்டு ஜோடியோ மூன்று எட்டோ மூன்று ஏழோ இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஜோடிக்கு எதிராக அந்த ஃபிளாப்பில் உங்களுக்கு இருந்த வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்று. ஒரு தடவை கால் செய்து பார்க்கலாம், டர்னிலும் அவர் பெரிசாக அடித்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஃபோல்ட் செய்து (சீட்டைப் போட்டுவிட்டு) விலகிவிடுங்கள். பிளைண்ட் 100-ஆக இருக்கும்போது, மிஞ்சுகிற எட்டாயிரம் சிப்ஸ் என்பது 80 பிக் பிளைண்ட், அதை வைத்துக்கொண்டு எத்தனையோ சுற்று ஆடலாம்.

இதே கை கடைசிக் கட்டத்தில், உங்களிடம் 15 பிக் பிளைண்ட் மட்டும் இருக்கும்போது வந்தால் பதில் வேறு. அங்கே ஏஸ் ஜோடியை விடவே கூடாது.

கேள்வி: சென்னையில் இருந்துகொண்டு பணம் கட்டி ஆன்லைன் போக்கர் ஆடலாமா?
- அம்பத்தூர் வாசகர்

பதில்: கூடாது. தமிழக அரசின் 2022-ஆம் வருடச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் தடை செய்தது. அந்தப் பகுதி மட்டும் செல்லாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதை வைத்துத்தான் பலர் இன்னும் ஆடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்கிறது. தண்டனை நடத்துகிறவர்களுக்கும், விளம்பரம் செய்கிறவர்களுக்கும், பணப் பரிமாற்றத்துக்கு உதவுகிறவர்களுக்கும்தான், ஆடுகிறவர்களுக்கு இல்லை. அதற்காக வெளிநாட்டு ஆப் என்று சொல்லி யாராவது லிங்க் அனுப்பினால் அதில் பணம் போட்டுவிடாதீர்கள், ஏமாந்தால் போய்க் கேட்க இடம் இருக்காது. இந்தப் பகுதியில் நான் சொல்வதெல்லாம் இலவச சிப்ஸ் ஆட்டத்துக்குத்தான்.

கேள்வி: ஏஸ்-கிங் வந்தால் முதல் சுற்றிலேயே ஆல்-இன் போட்டுவிடுகிறேன். பெரும்பாலும் தோற்றுத்தான் போகிறேன், ஏன்?
- பெரம்பூர் வாசகி

பதில்: 10,000 சிப்ஸைத் தள்ளி, பிளைண்டில் இருக்கும் 150-ஐப் பிடிக்கப் பார்க்கிறீர்கள் அம்மா. கவனமாக ஆடுகிற மேஜையில் அதற்குக் கால் செய்கிறவர் கையில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குவீன் ஜோடி இருந்தால் உங்கள் வாய்ப்பு 43 சதவீதம். கிங் ஜோடி இருந்தால் 30, ஏஸ் ஜோடி இருந்தால் பத்துக்கும் கீழே. உங்களுக்குத் தோதான ஏஸ்-குவீன், ஏஸ்-ஜாக் வைத்திருப்பவர்கள் அவ்வளவு பெரிய தொகையைப் பார்த்ததும் விட்டுவிடுவார்கள். நீங்கள் 300 போட்டால் அதே ஆட்கள் சந்தோஷமாகக் கால் செய்வார்கள், ஃபிளாப்பில் ஏஸ் விழுந்தால் உங்களுக்குப் பின்னாலேயே சிப்ஸ் போட்டுக்கொண்டு வருவார்கள்.

ஏஸ்-கிங் கையில் இருக்கும்போது ஃபிளாப்பில் ஏஸோ கிங்கோ வருவது மூன்றில் ஒரு தடவை மட்டும். வராத தடவைகளில், எதிரில் ஒருவர் மட்டும் என்றால் ஒரு பெட் போட்டுப் பார்க்கலாம். இரண்டு, மூன்று பேர் என்றால் செக் செய்துவிட்டு (எதுவும் போடாமல் அடுத்தவரிடம் விட்டுவிட்டு), யாராவது அடித்தால் விட்டுவிடுங்கள். போவது 300, கையில் 9,700 அப்படியே இருக்கும்.