ஆச்சி பற்றிக் கேட்டீர்கள்

வேலூரில் மாதாமாதம் கூடும் எங்கள் பழைய நாடக, சினிமா ரசிகர் வட்டத்தில் இந்த முறை பேச்சு நடிகை மனோரமா பற்றி. பதில் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மேடைக்கு எப்படி வந்தார்? (குடியாத்தம் நண்பர்)

1937இல் மன்னார்குடியில் பிறந்தார். இயற்பெயர் கோபிசாந்தா. வறுமை குடும்பத்தைக் காரைக்குடி பக்கம் பள்ளத்தூருக்குத் துரத்தியது. பெண்களை மரியாதையாக ‘ஆச்சி’ என்று அழைக்கும் அந்த ஊர் வழக்கப்படிதான் பின்னாளில் ‘ஆச்சி’ ஆனார். பன்னிரண்டு வயதில், ‘அந்தமான் காதலி’ என்ற நாடகத்தில் நடிக்க வேண்டிய பெண்ணால் முடியாமல் போக, இவரை மேடை ஏற்றினார்கள். மனோரமா என்ற பெயரை வைத்தவர்கள் இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக்காரர் தியாகராஜனும். அப்புறம் எஸ்.எஸ்.ராஜேந்திரன் நாடகக் குழு. 1958இல் கண்ணதாசன் ‘மாலையிட்ட மங்கை’ படத்தில் நகைச்சுவை வேடம் கொடுத்தார்.

நம்ம பக்கம் கூத்தில் திரௌபதி வேஷம்கூட ஆண்தானே கட்டுவார்? நாடகத்தில் மட்டும் பெண்கள் எப்படி நடித்தார்கள்? (ஆரணி அம்மா)

நல்ல கேள்வி அம்மா. செய்யாறு பக்கம் புரிசை ஊர்த் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தோன்றத்தான் செய்யும். கூத்து வேறு, கம்பெனி நாடகம் வேறு. நாடகத்திலும் பெண் வேஷம் கட்டிய ஆண்கள் இருந்தார்கள். ஆனால் பெண்களும் வெகு காலமாகவே மேடையில் இருந்தார்கள். கே.பி.சுந்தராம்பாள் ஆண் வேடமே போட்டவர். இரண்டுக்கும் பொதுவானது தொண்டைதான். கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்தவருக்கும் வசனம் கேட்க வேண்டும், பாட்டில் சுருதி விலகக் கூடாது. மனோரமாவின் சினிமா வசனத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், எவ்வளவு வேகமாகப் பேசினாலும் ஒரு எழுத்து அமுங்காது. அவரை வெறும் காமெடி நடிகை என்று ஒதுக்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

‘வா வாத்தியாரே ஊட்டாண்ட’ கேட்டால் எங்க தெருப் பேச்சு மாதிரியே இருக்கே! (ராணிப்பேட்டை தம்பி)

இருக்கத்தானே செய்யும்? ‘இன்னா’, ‘கீது’, ‘வந்துகினு’ எல்லாம் மெட்ராஸுக்கு மட்டும் சொந்தமா என்ன, நம்ம வடாற்காட்டிலும் புழங்குவதுதானே. பாட்டு 1968இல் வந்த ‘பொம்மலாட்டம்’ படத்தில். பாடியவரும் அவரே. தஞ்சாவூர் சீமையில் பிறந்து செட்டிநாட்டில் வளர்ந்த பெண் நம்ம பேச்சை இப்படிப் பிடித்தாரே, அதுதான் வித்தை. அதே வருடம் ‘தில்லானா மோகனாம்பா’ளில் ஜில் ஜில் ரமாமணி. அவளும் நாடகக்காரிதான். குலுக்கல், தளுக்கு, வாய் ஓயாத பேச்சு எல்லாம் இருக்கும். ஆனால் நாதஸ்வரத்தைக் கேட்டு உருகும்போது சிரிப்பு சட்டென்று நின்று, மரியாதை முகத்தில் வந்து உட்காரும். எதிரே இருப்பது சிவாஜி என்பதே நமக்கு மறந்துபோகும்.

ஐந்து முதல்வர்களோடு நடித்தார் என்று வாட்ஸாப்பில் வருகிறதே, நிஜமா? (காட்பாடி சார்)

நிஜம்தான் சார். அண்ணா, கலைஞர் இருவரோடும் நாடக மேடையில். எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, ஆந்திராவின் என்.டி.ராமராவ் ஆகியோரோடு சினிமாவில்.

விருதுகள்?

‘புதிய பாதை’க்குத் தேசிய விருது. படம் வந்தது 1989இல், நம்ம வடாற்காடு இரண்டாகப் பிரிந்த அதே வருடம். 2002இல் பத்மஸ்ரீ. ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்ததற்காகக் கின்னஸ். 2015 அக்டோபரில் காலமானார்.

என் வயசுக்காரங்க எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம்? (கல்லூரி மாணவி)

ஜில் ஜில்லைப் பார்க்காமல் எதுவும் பார்க்காதே அம்மா. அடுத்து 1990இல் வந்த ‘நடிகன்’. கல்யாணம் ஆகாமல் வயது கடந்த ஒரு பெண்மணி, கிழவர் வேஷத்தில் வந்த சத்யராஜ் மேல் ஆசைப்படுகிறாள். கொஞ்சம் பிசகினாலும் அருவருப்பாகியிருக்கும். தியேட்டரே சிரித்தது, ஆனால் அந்த வெட்கத்தை அவர் கேலியாக நடிக்கவில்லை. நிஜமாகவே வெட்கப்பட்டார்.