டயப்பர் புண்ணுக்குப் போட்ட கிரீம் குழந்தையை குண்டாக்குமா?

கேள்வி: என் மகளுக்கு எட்டு மாதம். டயப்பர் போடும் இடம் சிவந்து புண்ணானதால் மருந்துக்கடையில் கேட்டு ஒரு கிரீம் வாங்கினேன். தடவினால் சரியாகிறது, விட்டால் திரும்ப வருகிறது என்று மூன்று மாதமாகத் தடவுகிறேன். இப்போது முகம் உருண்டையாகி, நெற்றியிலும் முதுகிலும் பூனைமுடி வளர்ந்திருக்கிறது. கொழுகொழுவென்று இருக்கிறாள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் எடை ஏறிய அளவுக்கு நீளம் கூடவில்லை என்கிறார் நர்ஸ். டியூபில் குளோபெட்டசால் என்று போட்டிருக்கிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம், அம்மா. டியூபையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டு இன்றே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

தோலில் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான ரகம் இது. பெரியவர்களுக்கே இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து போடச் சொல்வதில்லை, 12 வயதுக்குக் கீழே பொதுவாகத் தருவதே இல்லை. கைக்குழந்தையின் தோல் மெல்லியது, எடையோடு பார்த்தால் தோலின் பரப்பும் அதிகம், அதற்கு மேல் இறுக்கமாக டயப்பர் வேறு, அதனால் மருந்து நன்றாகவே ரத்தத்தில் கலந்திருக்கும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி, உடல் தானே தயாரிக்கும் ஸ்டீராய்டான கார்டிசாலைச் சுரப்பதைக் குறைத்துவிடும். உருண்டை முகம், முடி எல்லாம் உடலில் ஸ்டீராய்டு அதிகமானதன் அடையாளமாக இருக்கலாம்; இதைக் குஷிங் என்போம். எனக்குக் கவலை தருவது நர்ஸ் சொன்னதுதான், ஏனென்றால் வெறுமனே நன்றாகச் சாப்பிட்டு குண்டாகும் குழந்தை நீளமும் வளரும். அவர் கவனித்துச் சொன்னது நல்லதாயிற்று.

திடீரென நிறுத்தினால் சோர்ந்துபோன சுரப்பி உடனே வேலைக்கு வராது. காலையில் எடுத்த ரத்தத்தில் கார்டிசால் பார்ப்பார்கள், ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் கார்டிசாலுக்குப் பதிலான ஹைட்ரோகார்டிசோன் மருந்தை வாய்வழியாகக் கொடுத்து மெல்லக் குறைப்பார்கள். இதற்கிடையில் காய்ச்சல், வாந்தி, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது என்று எது வந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போய், ஸ்டீராய்டு கிரீம் போட்டு வந்தோம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் சில மாதங்களில் முகம் வடிந்து முடியும் உதிர்ந்துவிடும்.

சரி, புண் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? தொடை மடிப்பிலும் சிவந்து, ஓரத்தில் சின்னச் சின்னப் பொட்டுகளாக இருந்தால் அது கேண்டிடா பூஞ்சை. ஸ்டீராய்டு சிவப்பை அமுக்கும், பூஞ்சையைக் கொல்லாது. ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் கிரீம், சிங்க் ஆக்சைடு, பகலில் சில மணி நேரம் டயப்பரே இல்லாமல் விடுவது, பெரும்பாலும் இவ்வளவே போதும். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் என்று மூன்று மருந்து கலந்த டியூப் எதையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள். குளோபெட்டசால் சீட்டில்லாமல் விற்கவே கூடாத மருந்து, கடைக்காரர் அதை எடுத்துக் கொடுத்ததே தப்பு.

அப்புறம், ஒன்பதாவது மாதத் தட்டம்மை ஊசி வரும். அதில் இருப்பது உயிருள்ள கிருமி, ஸ்டீராய்டோ நோய் எதிர்ப்பைக் குறைக்கக்கூடியது, அதனால் எப்போது போடலாம் என்பதையும் அந்த மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.