கேமிங் மவுஸ், ஆபீஸ் மவுஸ்: கேளுங்க, சொல்றேன்

ஆளாளுக்குத் தனித்தனியா கேட்டுட்டே இருக்கீங்க, அதான் ஒரே இடத்துல பேசிடலாம்னு. ஒண்ணே ஒண்ணு, "எந்த மாடல் வாங்கலாம்"னு மட்டும் கேட்டா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. உங்க கை சைஸ் என்ன, மவுஸை எப்படிப் பிடிப்பீங்க, என்ன கேம் ஆடுவீங்க, இதையும் சேர்த்துப் போடுங்க.

கே: அண்ணா, ஒரு மவுஸ் பாக்ஸ்ல 26000 டிபிஐனு போட்டிருக்கு, இன்னொண்ணுல 8000தான். 26000 தானே பெட்டர்?

ப: இல்ல தம்பி, அது பாக்ஸை விக்கறதுக்கான நம்பர். டிபிஐங்கறது மவுஸை ஒரு இன்ச் நகர்த்தினா அது கம்ப்யூட்டருக்கு எத்தனை கவுண்ட் அனுப்புதுங்கற கணக்கு, அவ்ளோதான். 1920 பிக்சல் அகலமுள்ள ஸ்க்ரீன்ல 26000 வச்சுப் பாருங்க, ரெண்டு மில்லிமீட்டர் நகர்த்தறதுக்குள்ள கர்சர் இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரத்துக்குப் போய் முட்டிக்கும், அதை வச்சு என்ன பண்ணுவீங்க? ஷூட்டிங் கேம்ல ப்ரோ ப்ளேயர்ஸ் பெரும்பாலும் 400, 800, 1600 இந்த மூணுல ஏதாவது ஒண்ணுலதான் ஆடறாங்க. டிபிஐயை விட்டுட்டு உள்ள என்ன சென்சார் (மவுஸ் நகர்றதைப் படிக்கற சிப்) இருக்குனு பாருங்க. பிக்ஸ்ஆர்ட் 3360, 3395, லாஜிடெக் ஹீரோ, இதுல எது இருந்தாலும் கண்ணை மூடிட்டு வாங்கலாம். சென்சார் பேரையே சொல்லாம டிபிஐயை மட்டும் பெருசா அடிச்சு வச்சிருந்தா எனக்கு சந்தேகம்தான்.

கே: கையில இருக்கற மவுஸ்ல சென்சார் நல்லா இருக்கானு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ப: கேமுக்குள்ள போய் சுவத்துல ஒரு புள்ளி மேல க்ராஸ்ஹேரை (ஸ்க்ரீன் நடுவுல இருக்கற குறியை) வைங்க. மவுஸ் இருக்கற இடத்துல பேட் மேல ஏதாவது அடையாளம் வச்சுக்குங்க. இப்போ சர்ருனு வேகமா வலது பக்கம் இழுத்து, மெதுவா பழைய அடையாளத்துக்கே கொண்டு வாங்க. க்ராஸ்ஹேர் அதே புள்ளிக்குக் கிட்டத்தட்ட வந்துட்டா ஓகே. எங்கேயோ போய் நின்னா ஒண்ணு ஆக்ஸிலரேஷன் (கையை வேகமா நகர்த்தினா கர்சர் கூடுதலா ஓடறது) ஆன்ல இருக்கு, இல்லேன்னா சென்சாருக்கு அந்த வேகம் தாங்கல. வேகமா இழுக்கறப்போ திடீர்னு வானத்தையோ தரையையோ பார்த்துட்டு நிக்குதுன்னா சந்தேகமே வேணாம், சென்சார்தான்.

கே: ப்ரோ, கேம் செட்டிங்ல ஃப்ரெண்டோட சென்சிட்டிவிட்டியை அப்படியே காப்பி அடிச்சேன், அவனுக்கு கரெக்டா இருக்கு, எனக்கு தலை சுத்துது.

ப: அவனோட டிபிஐ என்னனு கேட்டீங்களா? டிபிஐ, சென்சிட்டிவிட்டி ரெண்டையும் பெருக்கினாதான் உண்மையான வேகம். அவன் 800ல 0.35 வச்சிருந்தா 280, நீங்க 1600ல அதே 0.35 போட்டா 560, சரியா டபுள். அப்படியே விண்டோஸ் மவுஸ் செட்டிங்ல "என்ஹான்ஸ் பாயிண்டர் ப்ரிசிஷன்"னு ஒண்ணு டிக் ஆகியிருக்கும், அதை எடுத்துடுங்க, பேருதான் ப்ரிசிஷன், ஆனா அதுதான் ஆக்ஸிலரேஷன். புது கேம் நிறைய ரா இன்புட் (விண்டோஸ் செட்டிங்கைத் தாண்டி மவுஸ்லேர்ந்து நேரா) எடுக்கறதால அங்க பாதிக்காது, பழைய கேம்ல நல்லாவே தெரியும்.

கே: வயர்லெஸ் வாங்கினா லேக் ஆகும்னு சொல்றாங்களே சார்?

ப: அது பழைய கதை. ஆனா ப்ளூடூத் வேற, டாங்கிள் (யூஎஸ்பில சொருகற குட்டி ரிசீவர்) வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. கேமுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள்தான், அது மவுஸ் நகர்வை செகண்டுக்கு 1000 தடவை அனுப்பும், அதாவது 1 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை. சாதாரண ப்ளூடூத் மவுஸ் சுமார் 125 தடவைதான், ஆபீஸ் வேலைக்கு அது போதும்.

டாங்கிளை கேபினெட் பின்னாடி சொருகிட்டு மவுஸ் விட்டு விட்டுப் போகுதுனு புலம்பறவங்கதான் அதிகம். பக்கத்துலயே யூஎஸ்பி 3 போர்ட்ல ஹார்ட் டிஸ்க் ஓடிட்டு இருந்தா அந்த இரைச்சல் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துல வந்து விழும், இதை இன்டெல்லே 2012ல ஒரு டெக்னிக்கல் பேப்பர்ல எழுதியிருக்கு. பாக்ஸ்ல ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் கேபிள் தந்திருந்தா அதைத் தூக்கிப் போடாதீங்க, டாங்கிளை மவுஸ் பேட் பக்கத்துல கொண்டு வந்து வைக்கத்தான் அது.

கே: 8000 ஹெர்ட்ஸ் போலிங், அதாவது செகண்டுக்கு 8000 தடவை அனுப்பறது, தேவையா?

ப: 60 ஹெர்ட்ஸ் மானிட்டரா? வேணவே வேணாம். 1 மில்லிசெகண்ட் இடைவெளி 0.125 ஆகும், ஆனா ப்ராசஸருக்கு வேலை கூடும், வயர்லெஸ்னா பேட்டரியும் சீக்கிரம் காலி.

கே: எனக்கு கை ரொம்ப சின்னது. எல்லாரும் நல்லா இருக்குனு சொன்ன மவுஸையே வாங்கினேன், சைடு பட்டனே எட்ட மாட்டேங்குது, க்ளிக் பண்ணவே கஷ்டமா இருக்கு.

ப: இதைத்தான் எல்லாரும் முதல்ல கேப்பாங்கன்னு எதிர்பார்த்தேன் மேடம், சென்சார் எல்லாம் இப்போ ஓரளவு நல்லாத்தான் வருது, ஆனா ஷேப் செட் ஆகலேன்னா எவ்ளோ காஸ்ட்லி மவுஸா இருந்தாலும் வேஸ்ட். ஸ்கேலை எடுத்து மணிக்கட்டு மடிப்புலேர்ந்து நடுவிரல் நுனி வரைக்கும் அளங்க. அதுல 60 சதவீதம் மவுஸோட நீளமா இருந்தா ஆரம்பிக்க ஒரு கணக்கு, சட்டம் இல்ல.

உள்ளங்கை முழுசா மவுஸ் மேல படுத்திருந்தா அது பாம் கிரிப், அதுக்கு முதுகு நல்லா மேடா, கொஞ்சம் பெரிய மவுஸ் வேணும். உள்ளங்கையோட அடிப்பகுதி மட்டும் பின்னாடி தொட்டு விரல் வளைஞ்சு நின்னா க்ளா. கையே படாம விரல் நுனியால மட்டும் நகர்த்தினா ஃபிங்கர்டிப், உங்க கைக்கு க்ளா இல்லேன்னா ஃபிங்கர்டிப்தான் வரும்னு நினைக்கிறேன். நீளத்தைவிட முக்கியம், கட்டை விரலும் மோதிர விரலும் பிடிக்கற இடத்துல அகலம் எவ்ளோங்கறது. அது அகலமா இருந்தா மவுஸைத் தூக்கி வைக்கறப்போ நீங்க இறுக்கிப் பிடிப்பீங்க, கொஞ்ச நேரத்துல கை வலிக்கும். முடிஞ்சா கையில பிடிச்சுப் பார்த்துட்டு வாங்குங்க.

கே: வெயிட் கம்மியா இருந்தா நல்லா ஆடலாமா?

ப: சென்சிட்டிவிட்டியைக் கம்மியா வச்சு மவுஸை அடிக்கடி தூக்கி வைக்கற ஆளுங்களுக்கு வித்தியாசம் தெரியும். 60 கிராமுக்குக் கீழயே இப்போ கிடைக்குது. ஆனா 80, 90 கிராம் மவுஸ்ல யாரும் தோத்துடல. டபுள் ஏ பேட்டரி போடற மவுஸ்னா லித்தியம் செல் போட்டுப் பாருங்க, சாதாரண ஆல்கலைன் சுமார் 23 கிராம், லித்தியம் 15 கிராம்தான்.

கே: ஒரு க்ளிக் பண்ணா ரெண்டு க்ளிக் ஆகுது அண்ணா. ஃபைலை இழுத்துட்டுப் போறப்போ நடுவுல விழுந்துடுது.

ப: ஸ்விட்ச் போச்சு. உள்ள ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும், அமுக்கினா காண்டாக்ட்ல போய் தட்டும், தட்டறப்போ லேசா துள்ளும். அந்தத் துள்ளலைக் கண்டுக்காம இருக்கத்தான் டிபவுன்ஸ்னு சில மில்லிசெகண்ட் வச்சிருப்பாங்க. காண்டாக்ட் தேஞ்சோ கறுத்தோ போனா துள்ளல் அந்த நேரத்தையும் தாண்டிடும், கம்ப்யூட்டர் அதை ரெண்டாவது க்ளிக்னு எடுத்துக்கும். சாஃப்ட்வேர்ல டிபவுன்ஸ் ஆப்ஷன் இருந்தா கூட்டி வச்சு கொஞ்ச நாள் ஓட்டலாம். வாரண்டி இருந்தா மாத்திக்குங்க, வாரண்டி முடிஞ்சுபோயிருந்தா, சால்டரிங் தெரியும்னா ஸ்விட்ச் மட்டும் மாத்தலாம். அடுத்தது வாங்கறப்போ ஆப்டிக்கல் ஸ்விட்ச் பாருங்க, அதுல வெளிச்சக் கதிரை வச்சு க்ளிக் பதிவாகறதால இந்தத் தொல்லை வராது, சத்தமும் ஃபீலும் சிலருக்குப் பிடிக்காது அவ்ளோதான்.

கே: நான் இடது கை. சிமெட்ரிக்னு போட்டிருந்தா வாங்கிடலாமா?

ப: அவசரப்படாதீங்க. ரெண்டு பக்கமும் ஒரே ஷேப்பா இருக்கும், ஆனா சைடு பட்டன் இடது பக்கம் மட்டும் வச்சிருப்பாங்க, உங்க கட்டை விரல் வர்றது வலது பக்கம். ரேசர் வைப்பர் முதல் வெர்ஷன்ல ரெண்டு பக்கமும் பட்டன் உண்டு, வி2 ப்ரோல ஒரு பக்கம்தான். ஒரே பேரு வச்ச சீரிஸ்லயே இப்படி மாறும், ஃபோட்டோவைத் திருப்பிப் பார்த்துட்டு வாங்குங்க.

கே: பகல்ல எக்செல், ராத்திரி கேம். ஒரே மவுஸ் போதுமா? லாஜிடெக் எம்எக்ஸ் மாஸ்டர் மவுஸ் யோசிக்கிறேன். மணிக்கட்டும் லேசா வலிக்குது.

ப: எக்செல்லுக்கு அது ராஜா, வீலை ஒரு சுண்டு சுண்டினா ஆயிரக்கணக்கான வரி ஓடிடும். ஆனா 140 கிராம் பக்கம் வரும், ஷூட்டிங் கேமுக்கு சரிப்படாது, சும்மா ஸ்ட்ராட்டஜி கேம்னா பரவால்ல. ஒண்ணே போதும்னா டாங்கிள், ப்ளூடூத் ரெண்டும் இருக்கற, 80 கிராம் சுத்து வட்டத்துல உள்ள, ரெண்டு சைடு பட்டன் வச்ச கேமிங் மவுஸ் எடுங்க. வலிக்கு முதல்ல சேரோட உயரத்தை சரி பண்ணுங்க, முழங்கை டேபிள் மட்டத்துல இருக்கணும். வெர்டிகல் மவுஸ் (கை குலுக்கற மாதிரி பிடிக்கறது) சிலருக்கு நல்லா கேக்குது, கேமுக்கு மட்டும் வேற வச்சுக்கணும். விரல் மரத்துப் போச்சுன்னா மவுஸை விட்டுட்டு டாக்டரைப் பாருங்க.

கே: கர்சர் சும்மா இருக்கறப்பவே நடுங்குது, சென்சார் போச்சா?

ப: திருப்பிப் பாருங்க, லென்ஸ் குழியில முடியோ தூசியோ இருக்கும், அந்த சென்சார் செகண்டுக்கு ஆயிரக்கணக்குல படம் எடுக்கற குட்டி கேமராதானே. காஞ்ச காட்டன் பட்ஸால எடுங்க. கண்ணாடி டேபிள் மேல வச்சிருந்தா பேட் போடுங்க.

கே: துணி பேட்தான் இருக்கு, அழுக்காயிடுச்சு. துவைக்கலாமா?

ப: தாராளமா. வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் டிஷ் வாஷ் லிக்விட், கையால லேசா தேய்ங்க. மெஷின்ல போடாதீங்க, முறுக்கிப் பிழியாதீங்க, அடியில இருக்கற ரப்பர் பிஞ்சிடும். நிழல்ல காய வைங்க, ஒரு நாளாவது ஆகும், ஈரம் இருந்தா மவுஸ் வழுக்காம ஒட்டிக்கும்.