ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகப் போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. நேற்றிலிருந்து தண்ணீர் தண்ணீராகப் போகிறது. டாக்டர் ஓ.ஆர்.எஸ். பவுடர் எழுதிக் கொடுத்தார். உப்புக் கரிக்கிறது என்று துப்பிவிடுகிறான். “டம்ளருக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடு, குடிச்சிடுவான்” என்கிறார் மாமியார். வயிற்றுப்போக்குக்குச் சர்க்கரையே ஆகாது, உப்புப் போட்ட மோர் போதும் என்கிறார் கணவர். மெடிக்கலில் ஆப்பிள் சுவையில் டெட்ரா பாக்கெட் பானம் ஒன்று கொடுத்தார்கள், அதை மட்டும் ஆசையாகக் குடிக்கிறான். எதைத் தொடரட்டும்?

பதில்: டாக்டர் எழுதிய பவுடரையே தொடருங்கள். அதில் சர்க்கரையோ உப்போ ஒரு சிட்டிகைகூடச் சேர்க்க வேண்டாம். மோர் கொடுக்கலாம், ஆனால் பவுடருக்குப் பதிலாக அல்ல. ஆப்பிள் பானத்தை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள்.

ஓ.ஆர்.எஸ்.ஸில் சர்க்கரை எதற்கு என்பதில்தான் குழப்பமே. தெம்புக்காக என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு லிட்டரில் இருப்பது 13.5 கிராம் குளுக்கோஸ், அதாவது 54 கலோரி. ஒரு லிட்டரையும் குடித்து முடித்தால் கிட்டத்தட்ட ஓர் இட்லியின் சக்திதான் கிடைக்கும். அந்தக் குளுக்கோஸுக்கு வேறு வேலை இருக்கிறது: உப்பைக் குடல் செல்லுக்குள் கொண்டுபோவது.

சிறுகுடலின் உட்சுவரில் உள்ள செல்களின் சவ்வு கொழுப்பால் ஆனது. சோடியம் மின்னேற்றம் கொண்ட அயனி என்பதால் கொழுப்பைத் தானாகத் தாண்ட முடியாது. குளுக்கோஸும் நீர்விரும்பி, அதற்கும் வழியில்லை. சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் இவற்றை உள்ளே விடுகின்றன. அவற்றில் ஒன்று எஸ்ஜிஎல்டி-1. இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் சேர்ந்து வந்து உட்கார்ந்தால்தான் இந்தப் புரதம் உருமாறி இரண்டையும் உள்ளே தள்ளும். வங்கி லாக்கர் மாதிரி: வாடிக்கையாளர் சாவியும் மேனேஜர் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும்.

உள்ளே போன சோடியத்தை, செல்லின் பக்கச் சுவரிலும் அடிச்சுவரிலும் உள்ள சோடியம்-பொட்டாசியம் பம்ப் உடனே வெளியேற்றிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். குளுக்கோஸ் ஜிஎல்யுடி-2 என்ற வேறொரு புரதம் வழியாகச் சக்திச் செலவின்றி ரத்தத்தை நோக்கி நழுவிவிடும். இப்படிச் செல்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் சோடியம் குவிகிறது, கூடவே குளோரைடும் வருகிறது. அடர்த்தி கூடிய அந்த இடத்தை நோக்கிக் குடலில் இருக்கும் தண்ணீர் சவ்வூடு பரவலால் நகர்கிறது. தண்ணீரை உறிஞ்சித் தள்ளுவதற்கென்று உடம்பில் தனியாகப் பம்ப் கிடையாது. உப்பு போகும் திசையில்தான் தண்ணீர் போகும்.

வயிற்றுப்போக்கில் கெட்டுப்போவது என்ன? காலராக் கிருமியின் நச்சை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அங்கே படம் தெளிவு. அது செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற பொருளை எக்கச்சக்கமாக ஏற்றிவிடுகிறது. குளோரைடு வாய்க்கால்கள் திறந்து குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது; சோடியமும் தண்ணீரும் பின்னால் ஓடுகின்றன. அதோடு, சாதாரண நாளில் உப்பை உறிஞ்சும் சோடியம்-ஹைட்ரஜன் மாற்றிப் புரதமும் அடங்கிவிடுகிறது. அதனால்தான் வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும். எஸ்ஜிஎல்டி-1 மட்டும் இந்த அமளியில் பாதிக்கப்படுவதில்லை. ரோட்டா வைரஸ் வேறு விதமாக, குடலுறிஞ்சிகளின் நுனிச் செல்களையே சிதைக்கிறது. அப்போதும் சிதையாமல் எஞ்சும் பரப்பில் இதே வழி வேலை செய்கிறது.

சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாகக் கடக்கின்றன என்பதை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-இல் பிராகாவில் முன்வைத்தார். 1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் நிறைந்திருந்த மேற்கு வங்கத்து பன்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்ற சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலானபீஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே சமாளித்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது.

இனி உங்கள் மாமியாரின் ஸ்பூன். தண்ணீரில் எவ்வளவு துகள்கள் கரைந்திருக்கின்றன என்பதை மில்லிஆஸ்மோல் என்ற அலகில் சொல்வார்கள். சரியாகக் கலந்த ஓ.ஆர்.எஸ். லிட்டருக்கு 245 மில்லிஆஸ்மோல். ரத்தம் 285 முதல் 295 வரை. குடலில் இருக்கும் கரைசல் ரத்தத்தைவிடக் கொஞ்சம் நீர்த்திருப்பதால் தண்ணீர் உடம்புக்குள் போவது சுலபம். 200 மில்லி டம்ளரில் ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 4 கிராம் சர்க்கரை போட்டால் கணக்கு 300-ஐத் தாண்டும். குடலில் அந்தச் சர்க்கரை குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று இரண்டாக உடைந்ததும் 360-ஐத் தொடும். எஸ்ஜிஎல்டி-1 இழுக்கும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. மிஞ்சிய சர்க்கரை குடலிலேயே நின்று, உடம்பிலிருந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். பிள்ளை ஆசையாகக் குடிப்பான், போக்கும் கூடும். பழைய சூத்திரத்திலேயே லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ் இருந்தது, மொத்தம் 311 மில்லிஆஸ்மோல். 2002-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அதை 13.5 கிராமாகவும் உப்பை 3.5-லிருந்து 2.6 கிராமாகவும் குறைத்தன. வாந்தியும் போக்கும் குறைந்தன. டிரிப் ஏற்ற வேண்டிவந்த குழந்தைகளும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர்.

கலப்பதில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. கடையில் இரண்டு அளவில் பாக்கெட் உண்டு: ஒரு லிட்டருக்கானது 20 கிராமுக்குச் சற்று மேல், 200 மில்லிக்கானது 4 கிராமுக்குச் சற்று மேல். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் சோடியம் லிட்டருக்கு 75-க்குப் பதில் 375 மில்லிமோல், அதாவது ஐந்து மடங்கு. ரத்தத்தில் உப்பு ஏறி, வலிப்பு வரைக்கும் போகலாம். சின்ன பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்தால் 15 மில்லிமோல்தான், வெறும் தண்ணீருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. பெரிய பாக்கெட்டைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதும் கூடாது. பொடிகள் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டு எவர்சில்வர் டம்ளரை நம்பாதீர்கள், 150-ம் பிடிக்கும், 300-ம் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலால் அளந்து, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைச் சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கலக்குங்கள். கலந்த பிறகு சுட வைக்கக் கூடாது. மூடி வையுங்கள், 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

ருசிதான் பிரச்சினை என்றால் ஃப்ரிட்ஜில் வைத்துச் சில்லென்று கொடுங்கள், கரிப்பு அவ்வளவாகத் தெரியாது. ஆரஞ்சு வாசனை சேர்த்த பாக்கெட்டும் வருகிறது. பின்பக்கம் அளவு இதே 245-ஆக இருக்கட்டும். நீர் வற்றிய பிள்ளை பெரும்பாலும் ருசி பார்க்காமல் குடித்துவிடும். துப்புகிறான் என்றால் இன்னும் மோசமாக வற்றவில்லை என்று ஓரளவு ஆறுதல் அடையலாம், ஆனால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

ஒவ்வொரு முறை போன பிறகும் 100 முதல் 200 மில்லி, மடமடவென்று இல்லாமல், சிறுசிறு மடக்காக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம் திரும்ப ஆரம்பியுங்கள். “கொடுத்தும் நிற்கவில்லையே” என்று கைவிடுகிறவர்கள் அதிகம். போக்கை நிறுத்துவது இதன் வேலையே அல்ல, வெளியேறுவதை ஈடுகட்டுவதுதான்.

மோருக்கு வருவோம். லிட்டருக்கு 3 கிராம் அளவில் உப்புப் போட்ட நீர்மோர் நல்ல துணை. அதைவிட நம் வீட்டுக் கஞ்சித் தண்ணீர் கெட்டிக்காரப் பானம். அரிசியின் ஸ்டார்ச் நீண்ட சங்கிலி; சங்கிலியாக இருக்கும்வரை தண்ணீரை இழுக்கும் விசை மிகக் குறைவு. குடல் சுவரை நெருங்கும்போதுதான் குளுக்கோஸாக உடைந்து, அங்கேயே எஸ்ஜிஎல்டி-1-க்குப் போய்ச் சேர்கிறது. அதே 3 கிராம் கணக்கில் உப்புச் சேர்க்க மறக்காதீர்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் சொற்பம். இடையில் கொடுக்கலாம், அதையே நம்பக் கூடாது. பவுடர் கிடைக்காத இரவில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும்.

டெட்ரா பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஓ.ஆர்.எஸ்.ஸில் 100 மில்லிக்குக் குளுக்கோஸ் 1.35 கிராம்தான். பழ பானங்களில் 10 கிராமை ஒட்டிச் சர்க்கரை இருப்பது சகஜம், சோடியமோ பெயருக்குத்தான். இத்தகைய பானங்கள் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று போடக் கூடாது என இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. உலக சுகாதார நிறுவன அளவுப்படி தயாரித்த டெட்ரா பாக்கெட்டும் உண்டு, அது சரியானது.

துத்தநாக மாத்திரை எழுதியிருந்தால் தினம் 20 மில்லிகிராம், போக்கு நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுங்கள். சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். கண் குழிந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புவது, ஆறு மணி நேரம் சிறுநீர் வராதது, மலத்தில் ரத்தம், குடிக்க முடியாத அளவு சோர்வு, வைத்ததெல்லாம் வாந்தி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். போகிற வழியிலும் குடிக்க முடிந்தால் ஸ்பூன் ஸ்பூனாகக் கரைசலைக் கொடுத்தபடியே போகலாம்.